பிடி அரிசி டிக்கெட்

கும்மிடிப்பூண்டியில் எப்ராயீமும் அவன் அப்பா ஆசீர்வாதமும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரே மூட்டையில் கலந்துபோன பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் பிரிக்கப் பார்த்தது.

அநாதை விடுதிப் பிள்ளைகளின் ஞாயிறு விருந்துக்காக ஆசீர்வாதம் சர்ச் மைதானத்தில் வாலிபால் பந்தயம் நடத்தினார். டிக்கெட் ஒரு பிடி அரிசி. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு.

"இன்னா பாட்டு இது?" என்றார் பாதிரியார்.

"இதுக்குத்தான் ஐயரே ஜனம் வருது. எந்தப் பாட்டுக்கு வந்த அரிசின்னு புள்ளைங்க கேக்காது."

கூட்டம் நெரிந்தது. பச்சரிசியா புழுங்கலா என்று பார்க்காமல் வந்ததையெல்லாம் ஆசீர்வாதம் ஒன்றாகக் கொட்டிவிட்டார். இரண்டும் சேர்ந்து பதமாக வேகாது. விருந்து போச்சு என்று தலையில் கைவைத்தார்.

பாலிடெக்னிக் படித்த எப்ராயீம், அரிசியைப் பிரித்துப் பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தான். "அரைச்சா தோசை, நைனா."

ஆசீர்வாதம் விழுந்து விழுந்து சிரித்தார். "உளுந்து நான் காலைல வாங்கியாறேன்டா."

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் எப்ராயீம் உளுந்து வாங்கக் கிளம்பினான்.