பாலத்தைக் கடைசியாகக் கடந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் புதிய கண்டக்டர் இருந்தார். "பழனியப்பண்ணன் லீவுங்களா?" என்று பூக்கார அக்கா கேட்டார். "நேத்து தவறிட்டாருங்க. மாரடைப்பு" என்றார் அவர்.

இந்தப் பேருந்தில் வருகிற எல்லோருக்கும் பழைய கண்டக்டர் பழனியப்பன் அண்ணனைத் தெரியும். நம் ஊர் ஆற்றுப் பாலம் கருங்கல் தூண்களின் மேல் மரப்பலகை பரப்பியது. பாரம் தாங்காது என்று இக்கரையில் நம்மை இறக்கிவிட்டு, காலி வண்டியை முன்னே அனுப்புவார்கள். நாம் நடந்துபோய் அக்கரையில் ஏறுவோம். பழனியப்பன் அண்ணன் கடைசி ஆளுக்கும் பின்னால் வருவார். "என்னுங்க, கல்யாண ஊர்வலமா போறீங்க? வெரசா நடங்க" என்பார். "மாப்பிள்ளை நீங்கதானுங்களா?" என்று பூக்கார அக்கா திருப்பிக் கேட்பார். தினமும் இதே பேச்சு, தினமும் சிரிப்பு.

ஒருநாள் தூணில் கற்களை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க நான் ஆற்றில் இறங்கிவிட்டேன். கவனிக்காமல் அவர் விசில் கொடுத்துவிட்டார். பேருந்து போய்விட்டது. பாதி வழியில் நினைவு வந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, வெயிலில் நடந்தே திரும்பி வந்தார். "தப்பு என்னோடதுங்க சாமி. ஊட்டுல சொல்லிப்போடாதீங்க" என்றார். அன்றிலிருந்து, புத்தகமும் கையுமாக வரும் எனக்காக, "புஸ்தகக்காரி ஏறியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் விசில்.

பாலத்தை இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், காப்பாற்றச் சொல்லி மனு எழுதி அவரிடம் காட்டினேன். கருங்கல், தேக்கு உத்திரம், சுண்ணாம்புக் காரை எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பொறுமையாகப் படித்தார். "கல்லு வந்துருச்சு, மரம் வந்துருச்சு. நடந்த சனத்தைக் காணோமே சாமி" என்றார். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதைத் தானே வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார். கூட்டம் வியாழக்கிழமை. அவர் திங்கட்கிழமையே போய்விட்டார்.

நான் தனியாகப் போனேன். "ஒரு பேருந்து நிறைய ஆட்கள் தினமும் இறங்கி, ஒன்றாக நடந்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் பாலம் இது" என்று புதிதாகச் சேர்த்த வரியைப் படித்தேன். அவர் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை.

புதிய கண்டக்டர் முதல் ஆளாக நடந்துவிடுகிறார். அதனால் பழனியப்பன் அண்ணனுடைய அந்தக் கடைசி இடத்தை நான் வைத்துக்கொண்டேன். எல்லோரும் போன பிறகே பலகையில் கால் வைக்கிறேன். ஏறுவதற்கு முன், யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். பாலத்தில் யாரும் இல்லை.