எல்லாரும் மேலே பார்த்த நேரம்

எதிர்வீட்டில் கேமரா வைத்ததும் என் மகனுக்கு ரோஷம் வந்து எங்கள் வாசலிலும் ஒன்றை மாட்டிவிட்டான். பூனை போனாலும் போன் கத்துகிறது, பால்காரர் வந்தாலும் கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. என்ன பிழைப்போ போங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பூட்டு என்பது வெளியூர் போகும்போது மட்டும் தேடுகிற சாமான். பூட்டு கிடைத்தால் சாவி இருக்காது, அது வேறு கதை. நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரார் ரேடியோவெல்லாம் என் கையில் பாடும், எங்கள் வீட்டு ரேடியோ மட்டும் கரகரக்கும். அந்தக் கரகரப்பில்தான் இலங்கைக் கலவரச் சேதி வந்தது. பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். எங்கள் பின்கட்டு அறைக்குப் புரட்டாசியில் புஷ்பம் அக்கா குடிவந்தார், புருஷனோடும் கைக்குழந்தையோடும். புருஷனுக்கு மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை. அக்கா வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு வாசனைக்காகவே நான் மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்கு ஓடிவருவேன்.

கார்த்திகை தீபம் வந்தது. உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சாயங்காலம் மலையுச்சியைப் பார்த்துக்கொண்டு ஊரே மொட்டைமாடியில் நிற்கும். கீழே வாசல் கதவெல்லாம் திறந்தே கிடக்கும். தீபம் ஏறுகிற நேரத்தில் கதவைச் சாத்துவார்களா யாராவது? அரோகரா போட்டுவிட்டு இறங்கி வந்தால் நடையிலிருந்த பித்தளை அண்டாவைக் காணோம். பக்கத்து இரண்டு வீடுகளிலும் இதே கதி.

தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. "சிலோன்காரங்க வந்தப்புறம்தாங்க இதெல்லாம் ஜாஸ்தியாயிடுச்சி," என்றார் எதிர்வீட்டு மளிகைக்காரர். அன்றைக்கு மாடி ஏறாமல் கீழே இருந்தது புஷ்பம் அக்கா மட்டும்தான்; புருஷன் இன்னும் மண்டியிலிருந்து வரவில்லை. அக்காவின் அறையைத் துழாவினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் யாரும் நகரவில்லை.

"நீ ஏம்மா மேல வரல?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கட வீட்டை எரிச்ச நாளிலயிருந்து பெரிய நெருப்பைப் பாக்க ஏலாதம்மா. பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கதவைச் சாத்திப்போட்டு இருந்தனான்."

அம்மா தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இந்த நேரத்துல ஒரு வூட்லயும் ஆள் இருக்காதுன்னு இப்ப வந்தவளுக்கு எப்பிடிங்க தெரியும்? நம்ம ஊர் ஆளுக்குத்தான் தெரியும்."

மளிகைக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார். நம்மில் யார் என்று யோசிப்பதைவிடச் சிலோன்காரி என்பதே எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

"தெருவ விரோதிச்சிக்கினு இருக்க முடியுமா? வேற எடம் பாத்துக்கச் சொல்லு," என்றார் அப்பா.

மறுநாள் அறையைப் பெருக்கி வைத்துவிட்டு அக்கா கிளம்பினார். அடி அண்ணாமலைப் பக்கம் அவர்கள் ஆட்கள் போட்டிருந்த கொட்டகைக்குப் போவதாகச் சொன்னார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த தீபத்துக்குத் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் கீழே காவல் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா. "வாம்மா, ஏத்தப் போறாங்க," என்று மாடியிலிருந்து கூப்பிட்டேன்.

"நீங்க பாருங்க. காணாம போனா பழி போட இப்ப புஷ்பம்கூட இல்ல," என்றாள்.

அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா மாடியேறித் தீபம் பார்க்கவில்லை.