ஒழுங்கைக்குள் இரண்டு ரூபன்

மழித்த தலையில் அப்பிய சந்தனம் வெயிலில் காய்ந்து வெடிக்கும்போது ஒரு மணம் வரும். பாலும் வேர்வையும் கலந்த அந்த மணத்தோடுதான் தம்பியின் பெயர் எனக்கு அறிமுகமானது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டுக் கழித்து, தலை மழித்து, பெயர் வைப்பார்கள். அந்தச் சடங்கையே "முப்பத்தொண்டு" என்போம். தம்பிக்கு ரூபன் என்று வைத்தார்கள். அந்தக் காலத்தில் அச்சுவேலிச் சந்தைக்குள் நின்று ரூபன் என்று கத்தினால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும், அவ்வளவு மலிந்த பெயர். பக்கத்து வளவுப் பவளம் மாமியின் மகனும் ரூபன்தான், தம்பியைவிட ஒரு வயது மூத்தவன்.

"பக்கத்து வளவிலையே ஒண்டு தவண்டு திரியுது. உலகத்திலை வேறை பேரே இல்லையோ?" என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா விடவில்லை. "எல்லாரும் வைக்கினம் எண்டால் அது ராசியான பேர்தானே" என்றார். கோபிக்க உரிமையுள்ள பவளம் மாமியோ கோபிக்கவே இல்லை, பிள்ளையை மடியில் கிடத்தி, "என்ரை மோன்ரை பேரைக் களவெடுத்த கள்ளன் இவன்தானோ?" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

பெரிய ரூபன், சின்ன ரூபன் என்று ஊர் பிரித்து வைத்தது. அம்மாமார் இருவரும் பிரிக்கவில்லை. வேலிக்கு எந்தப் பக்கம் பெயரைச் சொன்னாலும் இரண்டும் ஓடிவரும், இரண்டுக்கும் பிட்டு கிடைக்கும். எனக்கு அதில் ஒரே எரிச்சல், ஏனென்றால் குறைவது என் பங்குதான்.

பீரங்கிச் செல்லடி எங்களுக்குப் பழகிப்போயிருந்த காலம் அது. சத்தம் எந்தப் பக்கம் என்று காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அம்மாமார் மிச்ச அரிசியைக் களைவார்கள். ஒருநாள் காலை இரண்டு ரூபனும் மண்ணெண்ணெய் வாங்கச் சந்திக்குப் போயிருந்தபோது மிகக் கிட்டத்தில் ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் சைக்கிளில் எங்கள் வீடுகள் இருந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வந்து, காலை ஊன்றியபடி, "ரூபன் எண்ட பொடியன் ஆற்றை? சந்தியிலை கிடக்கிறான்" என்றார். முகம் தெரியாத மனிதர். அவருக்குத் தெரிந்தது யாரோ சொல்லியனுப்பிய அந்தப் பெயர் மட்டும்தான்.

அம்மாவும் மாமியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, ஒரே பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். சந்தியில் சாக்கால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். கடைச் சுவரோடு ஒட்டி, எண்ணெய்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி தம்பி நின்றான். அவனைக் கண்டதும் அம்மா மாமியின் கையை உதறிவிட்டு, "என்ரை பிள்ளை இல்லை! முருகா, இது என்ரை பிள்ளை இல்லை!" என்று ஊர் கேட்கக் கத்தினார், சிரித்தார். மாமி இன்னும் சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. அம்மாவின் சிரிப்பில்தான் அவருக்குத் தன் மகனின் செய்தி கிடைத்தது.

எந்தத் தாயும் அப்படித்தான் கத்தியிருப்பாள் என்று பலர் சொன்னார்கள், பின்னாளில் நானும் சொன்னேன். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பிறகு அவர் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. அவன் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் நடந்துபோய், கையைப் பிடித்து, பேசாமல் இழுத்துவருவார்.

செத்த வீட்டுக்கும் எங்களூரில் முப்பத்தோராம் நாள் ஒன்று உண்டு. அது முடிந்த மறுநாள் மாமி வேலியடிக்கு வந்தார். "உன்ரை மோனை ஏன் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை? எனக்காக எண்டால் வேண்டாம், பிள்ளை. கூப்பிடு. அந்தப் பேர் காதிலை விழாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்." அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். அந்தப் பெயர் வரவில்லை. மாமி திரும்பிப் போனார்.

இன்று வேலி இல்லை, மதில்தான். அப்பாவும் இல்லை. தம்பி கனடாவில் இருக்கிறான். அங்கே எல்லோரும் அவனை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்களாம். இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு ஊரில் வேறெவருக்கும் இல்லாத பெயராகத் தேடித்தேடி வைக்கிறார்கள். ரூபன் பழம் பெயராம். ஒருகாலத்தில் தடுக்கி விழுந்தாலும் ஒரு ரூபன்மேல்தான் விழவேண்டும், இன்று ஒழுங்கை முழுக்கத் தேடினாலும் ஒருவன் இல்லை.

பவளம் மாமிக்கு இப்போது ஞாபகம் குழம்பிவிட்டது. மத்தியானம் சோறு போட்டு வைத்துவிட்டு, மதிலடிக்கு வந்து "ரூபன்! ரூபன்!" என்று கூப்பிடுகிறார். அந்த நேரத்துக்கு அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். போன கிழமை உள்ளேயிருந்து, "ஆராவது போய் அவவுக்கு ஒரு பதில் சொல்லுங்கோவன்" என்று அழுதார். வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் போனேன். மாமிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"எங்கை அவன்? சோறு ஆறுது. கெதியா வரச்சொல்லு, பிள்ளை."

"ஓம் மாமி, வாறானாம்" என்றேன்.