குறிப்பேட்டில் இருந்த சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பின் எனக்குச் சிறுநீர் பிரியவில்லை. சட்டைப்பைக் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் கெட்டு, மீளக் காத்திருப்பவர்களுக்காக அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

அன்று காலை சிதம்பரத்தில் பஸ் மாறி, பறவை பார்க்க அலையாத்திக் காட்டுக்குள் தனியாகப் போனேன். நீர் வடிந்திருந்தது. வழி தெரிய, மரங்களின் வேர்களில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டே நடந்தேன். கடல் ஓதம் ஏறியதும் வேர்கள் மூழ்கின, நூலும் மூழ்கியது. கைபேசி சேற்றில் போயிற்று. சிப்பி கிழித்த வலது பாதம் வீங்கியது. ஒரு கிளையில் ஏறி உட்கார்ந்தேன். சுற்றிலும் உப்புத் தண்ணீர்.

யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. கடலூர் முதுநகரில் தனியாக வசிப்பவன் நான். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் அக்காவின் கணவர், மாமா, ஞாயிறுதோறும் போன் செய்வார். நான் எடுக்காவிட்டால் தேடுவார். அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

நீர் வடிந்தபோதும் வீங்கிய காலோடு சேற்றில் இறங்க முடியவில்லை. காய்ச்சலில் இரவும் பகலும் குழம்பின. ஓதம் ஏறும்போதெல்லாம் கிழமையை மாற்றி எழுதினேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. அதன் கீழே கோணல் எழுத்தில், ‘நாளை மாமா.’

நண்டு பிடிக்க வந்தவர் ஒருவர் என்னைக் கண்டார். “கூப்புடு தூரத்துலதான் சார் கரை. ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்போமே” என்றார். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிழமை கேட்டார். சனி என்று உறுதியாகச் சொன்னேன்.

“இன்னிக்கு வியாழன் சார்.”

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. மூன்று முறை டயாலிசிஸ் (இரத்தத்தைக் கருவியால் சுத்திகரித்தல்) செய்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பதாம் நாள் அரை டம்ளர் சிறுநீர் பிரிந்தது. நர்ஸ் எழுதுவதற்குள் நான் எழுதிவிட்டேன்.

மாமா என் குறிப்பேட்டைப் புரட்டினார். “ஹார்பர் பக்கத்துல குடியிருக்க. தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும்னு தெரியாதாடா?” என்று சிரித்தார். பிறகு அந்தப் பக்கத்திலேயே கண் நின்றது. “சரியான கிழமை தெரிஞ்சிருந்தா, ஞாயித்துக்கு இன்னும் மூணு நாள் இருக்குன்னு மனச விட்டுருப்ப இல்ல?”

நான் கை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டேன்.

இப்போது குடிக்கும் நீரையும் பிரியும் நீரையும் அளந்து எழுதுகிறேன். ஓதம் ஏறும் நேரம் வலது பாதத்தில் ஒரு கனம் தெரிகிறது. டாக்டர் அதை நம்பவில்லை. தேதி தவறினால் அடித்துத் திருத்துபவன் நான். அந்த வெள்ளியையும் சனியையும் மட்டும் அடிக்கவில்லை. வெள்ளியும் சனியும் இரண்டு முறை வந்த அந்த வாரத்தில் எனக்கு ஒன்பது நாட்கள்.