சுத்தியலோடு குளிக்க வந்தவர்

அறுபதுகளில் ஒரு குற்றாலச் சாரலில் அந்த நிலவியல் அதிகாரியைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, இடுப்புத் துண்டில் சுத்தியல். எந்தக் கல்லையும் நக்கி ஈரமாக்கிய பிறகே உற்றுப் பார்ப்பார்.

எண்ணெய் தேய்ப்பவர் ஆட்களைப் படுக்கவைக்கும் கல்லைக் கண்டதும் அதிகாரி சுத்தியலை ஓங்கினார்.

“உடைச்சிராதிய அண்ணாச்சி! எம் பொழப்பே இந்தக் கல்லுலதான் ஓடுது.”

“ஒரு துண்டு போதும்யா. இமயமலை மாதிரி ஒரு மலை இங்கே இருந்தது. பூமிக்கடியில் வெந்து கிடந்த அதோட வேர் இது. நாடே இந்த வேர் மேலதான் நிக்குது.”

“அப்ப மலை எங்கன போச்சு?”

“மழை தேய்ச்சே கரைச்சிட்டுது.”

“அது தேய்ச்சது போதும். வேரையாவது விட்டு வைங்க. படுங்க, நான் தேய்ச்சு விடுதேன்.”

அதிகாரி அந்தக் கல்லிலேயே குப்புறப் படுத்தார். முதுகில் படபடவென்று அடி விழுந்தது. அதற்கிடையே அவர் நாக்கை நீட்டிக் கல்லை ஒருமுறை நக்கியதை நான் மட்டும் பார்த்தேன். அத்தனை எண்ணெய்க்கு அடியில் என்ன கண்டாரோ, சிரித்துக்கொண்டார்.