வைப்ரேஷன் மாமா

உட்காருவதற்கு முன் கஸ்தூரிரங்கன் பலகையை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் விரித்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சற்று நேரம் வைத்திருப்பார். திருப்தியானால் வேஷ்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காருவார். ஜமக்காளம் வேண்டாம், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சோபா வேண்டவே வேண்டாம். "நமக்குப் பலகைதான்" என்பார். தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொஸைட்டியின் சனிக்கிழமை பாராயணத்துக்கு வருகிறவர்கள் இதை ஆசாரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசாரத்தோடு ஒரு வதந்தியும் உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வைப்ரேஷன் வருகிறதாம்.

தில்லித் தமிழரிடம் இந்தச் சொல்லுக்கு உரை எழுத வேண்டியதில்லை. ஒரு கோயிலில் நல்ல வைப்ரேஷன் இருக்கும். ஒரு ஃப்ளாட்டில் இருக்காது. விலையைக் குறைத்துக் கேட்க அதுவே போதும். பிள்ளை வீட்டு ஹாலில் கால் வைத்த மாத்திரத்தில் வைப்ரேஷன் சரியில்லை என்று கண்டுகொண்டு, காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர், அதுவும் மத்திய சர்க்கார் ஊழியர், தாமே வைப்ரேஷன் தருகிறார் என்பது புதிது. விசாரிக்காமல் விட முடியவில்லை.

முதல் சாட்சி வைதேஹி மாமி. பாராயணம் நடப்பது அவர் வீட்டு ஹாலில். கும்பகோணத்திலிருந்து லாரியில் வந்த ஊஞ்சல் பலகையைத் தொங்கவிட, கூரையில் கொக்கி போடக் கூடாது என்று பில்டர் சொல்லிவிட்டார். பலகை இப்போது நாலு செங்கல்லின்மேல் தரையோடு கிடக்கிறது. மூன்று பேர் உட்காரலாம். ஒரு நுனி மூட்டுவலிக்கார வைதேஹி மாமிக்கு, நடு இடம் கஸ்தூரிரங்கனுக்கு. மூன்றாவது இடத்துக்கு விளக்கேற்றும் முன்பே அடிதடி.

"கிர்ர்ருனு வரது. முதுகுத்தண்டுல ஏறி இங்க வந்து நிக்கறது" என்று மாமி உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார். மாமியின் குரல் நூல் மாதிரி. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. "மாமாகிட்ட கேட்டா பதிலே வராது. கண்ணை மூடிண்டு லேசா சிரிப்பார். பெரியவா அப்படித்தான் இருப்பா."

இரண்டாவது சாட்சி வைத்தி. எங்கள் சொஸைட்டியின் செயலாளர். கஸ்தூரிரங்கன் வேலை பார்க்கும் அமைச்சகத்திலேயே நிர்வாகப் பிரிவில் அதிகாரி. யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்ற ஃபைல் அவர் மேஜை வழியாகத்தான் போகும். "அரே, மெட்ரோ போறது ஓய், பில்டிங் ஆடறது. இதுக்குப் போய் பக்தி கிக்தின்னுண்டு!" என்றார். மெட்ரோ துவாரகாவில் தூண்களுக்கு மேலே போகிறது. அந்தத் தூணுக்கு எங்கள் கட்டடத்திலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். போகட்டும். நாத்திகருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமில்லையா?

மூன்றாவது சாட்சியம் கூட்டாக வந்தது. ஒரு சனிக்கிழமை கற்பூரம் காட்டி முடித்ததும் கரண்ட் போயிற்று. இருட்டில் கஸ்தூரிரங்கனின் மார்பில் பச்சையாக ஓர் ஒளி வந்து வந்து மறைந்தது. பெருமாளின் திருமார்பு என்று ஒரு கட்சி முணுமுணுத்தது. இருதயத்தில் பேட்டரி வைத்திருப்பார்கள் என்றது மறு கட்சி. இரண்டு கட்சியும் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டன.

நான் அடுத்த சனிக்கிழமை வெயில் தாழும் முன்பே போய் மூன்றாவது இடத்தைப் பிடித்தேன்.

பாராயணம் பாதியைத் தாண்டியபோது வந்தது. சந்தேகமே இல்லை. பலகை உறுமியது, தொடை கூசியது. மறு நுனியில் வைதேஹி மாமி கண்ணில் நீர் கட்டக் கைகூப்பினார். எனக்கு பக்தி உண்டு. ஆனால் குனிந்து பார்க்கிற பழக்கமும் உண்டு. கஸ்தூரிரங்கனின் தொடைக்கும் பலகைக்கும் நடுவே, வேஷ்டி மறைவில், ஒரு செல்ஃபோன் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. காலர் ட்யூன் வேண்டுமா என்று கம்பெனிக்காரன் செய்தி அனுப்பியிருந்தான். மாமியின் உச்சந்தலைவரை ஏறியது அதுதான்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வாய் ஒரு சொல்கூடப் பிசகாமல் போய்க்கொண்டிருக்க, கண் மட்டும் என்னிடம் 'அப்புறம்' என்றது.

அந்த 'அப்புறம்' திங்கட்கிழமை காலை மெட்ரோவில் வந்தது. இடப்பக்கம் உட்கார்ந்த என்னைக் கிளப்பி வலப்பக்கம் மாற்றினார். "இங்க வாங்கோ. அந்தக் காது லீவுல இருக்கு" என்றார். "இதுவும் அரை நாள்தான் வேலை பாக்கறது."

மெலிந்த, கீச்சென்ற சத்தம் எதுவும் அவருக்கு விழுவதில்லை. வாசல் மணி விழாது, ஃபோன் மணி விழாது, குக்கர் விசில் விழாது. தடித்த ஆண் குரல் என்றால் குறையில்லை. "உம்மது கட்டைக் குரல், ஃபர்ஸ்ட் கிளாஸ். எருமை கத்தற மாதிரி தெளிவா இருக்கு" என்று பாராட்டினார். வீட்டில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுகிறார்; மனைவி ருக்குவுக்கே விஷயம் தெரியாது. மூணு விசிலில் அடுப்பை அணைக்கச் சொன்னால் இவர் குக்கருக்கு எதிரே போய் நின்று ஆவியைப் பார்த்து எண்ணுகிறாராம். "சமையல்ல எவ்வளவு சிரத்தை பாருங்கோன்னு அவ எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கறா. நான் என்னத்தைச் சொல்ல?"

ஆபத்து ஆபீஸில்தான். இவர் ஓர் இணைச் செயலாளரின் அந்தரங்க ஸ்டெனோ. அந்தத் துரை பஸ்ஸரை அழுத்தினால் நோட்டும் பென்சிலுமாகப் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் பஸ்ஸர் அடித்து அடித்து ஓய்ந்து, துரையே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். அமைச்சகத்தில் அது பூகம்பத்துக்குச் சமம். அன்றைக்கே கஸ்தூரிரங்கன் போய், "ஸர், பஸ்ஸர் எல்லாம் பழைய காலம். மொபைல்ல ஒரு ரிங் விடுங்கோ, எங்க இருந்தாலும் ஓடி வந்துடறேன்" என்றார். துரைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஸ்டாஃப் மீட்டிங்கில் நவீன சிந்தனைக்கு உதாரணமாக இவரைக் காட்டினாராம். ஞாயிற்றுக்கிழமையும் சனிக்கிழமையும்கூட ரிங் விட ஆரம்பித்தார் என்பது அந்தச் சந்தோஷத்தின் வால்.

"எல்லாருக்கும் சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"சாமியாருக்குக் காது கேக்கலேன்னா நிஷ்டைம்பா. ஸ்டெனோவுக்குக் கேக்கலேன்னா மெடிக்கல் போர்டும்பா" என்றார். "வைத்திக்கு ஒரு வார்த்தை போறும். மறுநாளே பேஸ்மெண்ட்ல தபால் ஒட்டற இடத்துல உக்காத்தி வெச்சுடுவான். ரிடையர் ஆற வரைக்கும் கோந்து வாசனைதான்."

அன்று அவர் ஃபோனை நடத்துகிற அழகைப் பார்த்தேன். மெட்ரோவில் ஏறியதும் வைப்ரேஷனை நிறுத்தி, விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஃபோனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். "வண்டியே ஆடறது. இதுல அவன் ஆடி யாருக்குத் தெரியப் போறது? வீண் செலவு." ராஜீவ் சௌக்கில் மாறும்போது கும்பலில் விளக்கு தெரியாது, ஆகவே விளக்கு அணைந்து, வைப்ரேஷன் வந்து, ஃபோன் பனியனுக்குள் போயிற்று. ஆபீஸில் மர மேஜை, வைப்ரேஷன் போதும். வீட்டில் மெத்தை, விளக்கு வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு வைப்பது பாராயணத்தில் மட்டும்; அங்கே பாதி நேரம் கண்ணை மூட வேண்டியிருக்கிறதே.

"ஒவ்வொரு கிர்ருக்கும் உள்ள ஒரு குட்டி மோட்டார் சுத்தறது, ஓய். மோட்டார்னா சும்மாவா? மேல தண்ணி ஏத்தற மோட்டார் பில்லுக்கு சொஸைட்டில எப்படிக் குதிக்கறேள்! லைட்டு பாவம், கொஞ்சமாத்தான் சாப்பிடும். ஆனா நாள் பூரா கொறிச்சுண்டே இருக்கும்."

பேட்டரியும் பழையது; பின்மூடியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகையால் பட்டனைத் தொட்டால் வரும் சத்தம் கிடையாது. திரை வெளிச்சத்தை இருட்டடிப்புக் காலம்போல் குறைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் இருக்கும் ப்ளக்கில் ஃபோனைச் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றபடி தயிர்சாதம் சாப்பிடுவாராம். செக்‌ஷனில் அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது: மாமா மடியாகச் சாப்பிடுகிறார்.

"வதந்தி உங்களுக்கு சௌகரியமாத்தான் இருக்கு" என்றேன்.

"யாராவது கூப்பிட்டு நான் திரும்பலேன்னா முன்னெல்லாம் முறைப்பா. இப்போ கும்பிடறா. வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?" என்றவர், மத்திய செயலகம் ஸ்டேஷன் நெருங்கும்போது குரலைத் தாழ்த்தினார். துரை மாறிப் போகிறார். அடுத்த மாதம் வருவது ஒரு மேடம். குரல் எப்படியோ என்று பயந்து, அவருடைய தற்போதைய ஆபீஸுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தாராம். "எடுத்தா. ஒண்ணுமே கேக்கல்லே. அவ பேசினாளா, லைன் சரியில்லையா, காது சரியில்லையா, எதுவும் தெரியல. வெச்சுட்டேன்."

தீபாவளி வாரத்துப் பாராயணத்தில் வைப்ரேஷன் வரவில்லை. காலையிலிருந்து வாழ்த்துச் செய்திகள். தெரிந்தவன், தெரியாதவன், இன்ஷூரன்ஸ்காரன், கோல் மார்க்கெட் மிட்டாய்க் கடைக்காரன் எல்லோரும் வாழ்த்த வாழ்த்த, குட்டி மோட்டார் சுற்றிச் சுற்றி, சாயங்காலத்துக்குள் ஃபோன் உயிரை விட்டிருந்தது. கஸ்தூரிரங்கன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைதேஹி மாமி எடுத்துக்கொண்டார்.

மாமியின் மகள் மாதங்கிக்கு ஒரு ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, சம்மதம் வர வேண்டிய நேரம் அது. சனிக்கிழமை வைப்ரேஷன் இல்லை. புதன்கிழமை பிள்ளை வீட்டார் ஃபோன் செய்து, "அப்புறம் சொல்றோம்" என்றார்கள். மாமிக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. "எனக்கு ஒரு வைப்ரேஷன் பாக்கி வெச்சுட்டார்" என்று என்னிடம் வந்து புலம்பினார். "நான் என்ன தப்புப் பண்ணினேனோ தெரியல. மடியில்லாம சமைச்சேனோ என்னமோ."

கஸ்தூரிரங்கனிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "இந்தச் சனிக்கிழமை பாக்கியைத் தீத்துடலாம். ஃபுல் சார்ஜ் போட்டுண்டு வரேன். பாதியில நீர் ஒரு மிஸ்டு கால் விடும். பாவம், சந்தோஷமா இருப்பா" என்றார். ஒப்புக்கொண்டேன். தெய்விக காரியத்தில் இவ்வளவு சுலபமான பங்கு எனக்கு முன்பு கிடைத்ததில்லை.

சனிக்கிழமை எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்து, கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாதி வந்தது. மாமி அன்று வாயே திறக்கவில்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டு போக, அவர் மட்டும் கண்ணை இறுக மூடி, பரீட்சை ரிஸல்ட்டுக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரிரங்கன் திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பட்டனை அழுத்தப் போனேன். அவர் தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம்.

விரலை எடுத்தேன். பாக்கி பாக்கியாகவே நின்றது.

முடிந்ததும் சுண்டல் தொன்னைகள் வந்தன. வைத்தி ஒரு தொன்னையோடு கஸ்தூரிரங்கனுக்கு இரண்டடி தள்ளி நின்று, மெயிண்டெனன்ஸ் பாக்கிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். வைதேஹி மாமி எழுந்து வந்து கஸ்தூரிரங்கனுக்கு எதிரே நின்றார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த நூல் குரலில் என்னவோ கேட்டார். பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் விழுந்தது: "...எம்மேல கோவமா, மாமா? குழந்தைக்கு ஆகாதா?"

கஸ்தூரிரங்கன் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

மாமி நகரவில்லை. மறுபடி கேட்டார். குரல் இன்னும் மெலிந்திருந்தது. கண்ணைத் திறந்தவர் மாமியின் கன்னத்தில் ஓடிய நீரைப் பார்த்தார். தலைப்புக்குப் பின்னால் அசைந்த உதட்டைப் பார்த்தார். அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. சுண்டலை மென்றுகொண்டிருந்த வைத்தியை ஒரு தரம் பார்த்தார்.

"மாமி, எனக்குக் காதுல விழல்லே" என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "சத்தமாச் சொல்லுங்கோ."

வைத்தியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. கஸ்தூரிரங்கன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடுப்பை வளைத்து, வலது காதை மாமியின் முகத்தருகே கொண்டுபோய், அதன் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.