அண்ணி அடைத்த வளைகள்

என் அண்ணியைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அவள் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்தவள் இல்லை. உட்கார்ந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அண்ணிக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலரில் ஆரம்பித்து, தோள், கை, பட்டன் பட்டி, கீழ்மடிப்பு என்று கண்ணாலும் விரலாலும் ஒரு சுற்று வருவாள். நூல் பிசிறினால் நறுக்குவாள். தையல் விட்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். தைக்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவள் மேசையைத் தாண்டிப் போன சட்டை எதுவும் திரும்பி வந்ததில்லை என்று கம்பெனி மேனேஜரே சொல்வாராம்.

என் அண்ணன் லாரி டிரைவர். பிள்ளை குட்டி கிடையாது, லாரிதான் பிள்ளை. சர்க்கரை வியாதி வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகிறது என்று டீயில் ரெண்டு கரண்டி கூடவே போட்டுக் குடித்த மனுஷன் அவன். ஒரு நாள் பிரேக்கில் கால் வைத்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் முட்டித்தான் நின்றது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. "மிதிச்சேனா மிதிக்கலையான்னே எனக்குத் தெரியலை" என்று அவன் சொன்னதைக் கேட்டு முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். குத்தினால் சொல்லணும் என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டான். டாக்டர் ரெண்டு காலையும் குத்தி முடித்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. டாக்டர் அண்ணனை விட்டுவிட்டு அவளிடம்தான் பேசினார். இனி இந்தக் கால் எதையும் சொல்லாது, கல் குத்தினாலும் சொல்லாது, சுட்டாலும் சொல்லாது. நீங்கள்தான் தினமும் பார்க்க வேண்டும். சின்னக் காயத்தைக் கவனிக்காமல் விட்டால் கடைசியில் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எடுப்பது என்றால் காலை எடுப்பது.

அன்றிலிருந்து மாலையில் வேலை விட்டு வந்தால், டீ குடிக்கும் முன்னாலேயே பேசினில் தண்ணீர் வரும், துண்டு வரும். அண்ணன் கட்டிலில் உட்கார, அவள் கீழே உட்கார்ந்து காலை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். குதிகாலில் ஆரம்பித்து, ஓரம், உள்ளங்கால், விரலிடுக்கு, நகக்கண் என்று சட்டையைப் பார்ப்பது போலவே ஒரு சுற்று. "ஸ்டிக்கர் ஒட்டிடாதம்மா, திருப்பி அனுப்ப இடம் கிடையாது" என்பான் அவன். "பேசாம இருங்க" என்பாள். அவ்வளவுதான் அவர்களுடைய கொஞ்சல்.

வீடு தெருக்கோடியில், பழைய வீடு. அவர்கள் அதை வாங்கினபோது, "எலி வளையானாலும் தனி வளை வேணும் அண்ணி" என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். என் வாயைக் கொண்டுபோய் எதில் கழுவுவது? பின்னால் கொஞ்சம் மண் தரை. அங்கே அண்ணி பழைய பெயிண்ட் டப்பாக்களில் மிளகாய், தக்காளி, கத்தரி வைத்திருந்தாள். வேலை போன பிறகு அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயேதான் கிடப்பான். பக்கத்து மரத்திலிருந்து அணில்கள் வரும். இவன் வேர்க்கடலை போடுவான். அவற்றைக் கிளீனர் பசங்க என்பான். "பெரிய கிளீனர் வந்துட்டான், சின்னவனை இன்னும் காணோமே" என்று தனியாகப் பேசிக்கொண்டிருப்பான். ஊரெல்லாம் லாரியில் சுற்றினவனுக்கு ரெண்டு அணில் துணை என்று நினைத்துக்கொள்வேன். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், "வேலை வெட்டி இல்லாத மாமியாருக்கு அணில் மருமகளா?" என்று கிண்டல்தான் செய்வேன்.

அணில் தின்றது போக மிச்சத்தை அண்ணியின் டப்பாக்களில் குழி பறித்துப் புதைத்தது. காலையில் பார்த்தால் மிளகாய் நாற்று வேரோடு கிடக்கும். அவள் எல்லா டப்பாவுக்கும் கம்பி வலை வெட்டிக் கட்டினாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் தரையில் சிந்தின கடலைக்கு வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அஸ்திவாரத்தை ஒட்டிப் புது மண் குவிந்தது. பெருச்சாளி. ஒரு வளை ரெண்டானது, ரெண்டு நாலானது. குளியலறைப் பக்கம் துணி துவைக்கிற கல் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது.

சுவர் போய்விடும் என்று எனக்குப் பயம். அண்ணியின் பயம் அது இல்லை. ஆஸ்பத்திரியில் கால் காட்ட வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மாளைப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மாளுக்கும் இதே மரத்த கால். தூக்கத்தில் எலி குதிகாலைக் கடித்துத் தின்றிருக்கிறது, விடியும் வரை அவளுக்குத் தெரியவில்லை. அண்ணி அன்று நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதிலிருந்து பின்பக்கத்தில் ஒரு பிடி மண் புதிதாகத் தெரிந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

முதலில் கடலையை நிறுத்தினாள். அணில்கள் சில நாள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வராமலே நின்றுவிட்டன. அவன் மட்டும் அதே நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பெருச்சாளி நிற்கவில்லை. மருந்து வைத்துத் தொலை அண்ணி என்றேன். விஷத்தை இவர் மிதித்துக்கொண்டு கட்டில் வரை வந்தால் என்ன செய்வது, காலில் ஒரு கீறல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பொறி வைக்கலாம் என்றேன். பொறியில் இவர் கால் மாட்டினால் கத்தக்கூட மாட்டாரே என்றாள். எல்லாரும் செய்கிற மாதிரி வளைக்குள் கண்ணாடிச் சில்லு போட்டு அடைக்கலாம் என்றேன். ஒரு சில்லு வெளியே கிடந்தால் போதுமே என்றாள். எதைச் சொன்னாலும் அந்தக் காலைக் கொண்டுவந்து குறுக்கே நீட்டினாள். அவள் சொன்னதில் தப்பும் கிடையாது. எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை. "அப்போ பெருச்சாளிகிட்டேயே போய் கெஞ்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொத்தனாரிடம் சொன்னாள். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்தார். சின்ன வேலைக்கு எந்தக் கொத்தனார் உடனே வந்திருக்கிறார்? மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. மண் நனைந்தால் இன்னும் தோண்டும் என்று அவள் ஒரு நாள் லீவு போட்டுத் தானே இறங்கிவிட்டாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கலவை குழைத்துக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு வளையிலும் கருங்கல்லைத் திணித்து, இடித்து, மேலே சிமெண்ட் பூசினாள். வளை இல்லாத இடத்தையும் விடவில்லை. சுவரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை மாதிரி பூசிவிட்டாள். சாயங்காலம் நான் போனபோது கையெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது. பூதக்கண்ணாடி சுற்றிச் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு எறும்பு வர வழியில்லை, பார்த்துக்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் புது மண் எங்கேயும் தெரியவில்லை. பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. நானே பாராட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், முட்டை கொடுக்க நான் போயிருந்தேன். அண்ணி அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தாள். காலையில் இருட்டோடு போகிறவள் அவள். அண்ணன் பிறகுதான் எழுந்து, அவள் எடுத்துவைத்திருக்கும் காலுறையைத் தானே மாட்டிக்கொள்வான். தொப்பை குறுக்கே நிற்கும், குனிந்து பார்க்க முடியாது. காலுறை இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். பேசின் வந்தது. வலது காலுறையைத் தொட்ட கை அப்படியே நின்றது. முன்பக்கம் கறுப்பாக விறைத்திருந்தது. காலையில் கைக்கு ஈரமாகப் பட்ட மாதிரி இருந்தது, குளியலறையில் தண்ணீரை மிதித்திருப்பேன் என்று நினைத்தேன் என்றான் அண்ணன்.

காலுறை ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் விட்டு விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். பெருவிரலும் பக்கத்து விரலும் இருக்க வேண்டிய இடத்தில் நான் பார்த்ததைச் சொல்ல மாட்டேன். அண்ணன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தலையைச் சாய்த்து எட்டிக் காலைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் ரெண்டு விரலை எடுத்தார்கள். புண் மேலே ஏறியது. பாதத்தை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இதோடு சரி என்றார்கள். அண்ணி ஒவ்வொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

எனக்கு யார் மேலாவது காய வேண்டியிருந்தது. அண்ணன் சட்டைப்பையில் நாலு கடலை கிடந்தது. அது போதாதா எனக்கு? "கட்டில்ல உட்கார்ந்து கடலை தின்னா எலி வராம எமனா வரும்? அவ பாடுபட்டு அடைச்சதெல்லாம் உன்னால வீணாப்போச்சு" என்று படுக்கையில் கிடந்தவனைப் பிடித்துக் கத்தினேன். "ஆமா, நான்தான் தின்னேன். என்னாலதான்" என்று உடனே ஒத்துக்கொண்டான். அவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொள்கிறவன் இல்லை அவன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு கொத்தனார் வந்தார். கக்கூஸ் பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி பதிக்க வேண்டும், ஒற்றைக்காலன் வீடாகிவிட்டதே. அப்படியே அவன் நடமாட இடம் வேண்டுமே என்று கட்டிலறையில் பீரோவை நகர்த்தினால், சுவரும் தரையும் சேர்கிற மூலையில் தரை பெயர்ந்து, கை நுழைகிற அளவுக்குப் புது வளை. மண் பீரோவுக்கு அடியிலேயே குவிந்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அவர் கம்பியை விட்டுப் பார்த்தார். பின்பக்கம் போய் அண்ணியின் சிமெண்ட் பட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உள்ள இருக்கா இல்லையான்னு பார்க்காம அடைச்சுட்டீங்களேம்மா. வீட்டுக்கு அடியிலதான் கூடு கட்டியிருந்திருக்கு. வெளிய போற வழியெல்லாம் அடைஞ்சதும் மேல குடைஞ்சு உள்ள வந்துருச்சு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டோமே, வந்தீரா?" என்று நான் பாய்ந்தேன். அந்த ஆளை அப்போதே தள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் விட்டிருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அந்த மூலையைப் பார்த்தாள், அங்கிருந்து கட்டில்காலைப் பார்த்தாள். நாலு எட்டுக்கூட இருக்காது.

அந்த வளையைப் பார்த்து அண்ணன் மட்டும் திடுக்கிடவில்லை, அவனுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடிகாலையில் பீரோவுக்குப் பின்னால் பிராண்டுகிற சத்தத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கேட்டிருந்ததாகப் பின்னால் அவனே என்னிடம் சொன்னான். அவள் அடைத்ததால்தான் வந்தது என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் கடலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

"விடும்மா," என்றான் கட்டிலில் இருந்து. "கலவை குழைச்சது நான்தானே. எனக்கு ஒண்ணும் வலிக்கவே இல்லையே. அதுதான் அன்னைக்கும் வலிக்கலை, இன்னைக்கும் வலிக்கலை."

அண்ணி அவனைப் பார்த்துத் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"உங்களுக்கு வலிக்காதுன்னுதானே நான் இருந்தேன்" என்றாள்.

கொத்தனார் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் போர்வையை இழுத்து, இருக்கிற காலையும் இல்லாத காலையும் சேர்த்து மூடிக்கொண்டான். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அவள் இப்போதும் வேலைக்குப் போகிறாள். ஆனால் செக்கிங்கில் இல்லை, தானே கேட்டு பேக்கிங்குக்கு மாறிக்கொண்டாள். பூதக்கண்ணாடி என்று யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். மாலையில் நான் போகிறேன். பேசின் வருகிறது, துண்டு வருகிறது. இடது காலை மடியில் போட்டு ஒரு சுற்றுப் பார்க்கிறாள், மறுபடியும் ஒரு சுற்றுப் பார்க்கிறாள். அப்புறம் அந்தக் காலை என் பக்கம் திருப்பி, "நீயும் ஒரு தடவை பார்த்துடு" என்கிறாள். எனக்கு என்ன தெரியும்? கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க முடியாதவள் நான். ஆனாலும் குனிந்து, விரலிடுக்கு வரைக்கும் பார்க்கிறேன்.